கோகிலவாணியின் வலது கை

ஜூன் 13

வேலையில் சேர்ந்துவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்து. அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டுக்கும் அடிப்படை இயந்திரவியல் நான்தான் எடுக்க வேண்டும். தற்காலிக நியமனம். பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு வருடமும் சம்மதித்தால் நீடிக்கும்.

தலைமையாசிரியை துளசிமணி மேடம் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "வேற குரூப் கிடைக்காத பிள்ளைங்கதான் இதுல வருவாங்க, எப்சிபா. சண்டை போடாம, அடிபடாம ரெண்டு வருஷம் தள்ளிவிட்டீங்கன்னாப் போதும்."

பட்டறை மைதானத்துக்குப் பின்னால் இருக்கிறது. கூரை மட்டும் புதிது. 'உபயம்: ஆறுச்சாமி' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே இரும்பைக் கடைந்து சீவும் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மேஜையில் பொருத்திய நான்கு இரும்புப் பிடிகள். முன்பிருந்த கம்பெனியில் நான் கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். கல்லூரியை விட்டபின் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில்லை.

இன்று சுவிட்சைப் போடவில்லை. முதல் நாள்தானே.

ஜூன் 28

வாடகைக்கு எடுத்த மாடி வீட்டுக்குத் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒருமுறை வருமாம். இரண்டு டிரம் வாங்கினேன். சிலிண்டர் இன்னும் வரவில்லை.

பிள்ளைகள் லேத்தை எப்போது ஓட்டுவோம் என்று தினமும் கேட்கிறார்கள். பாதுகாப்புப் பாடம் முடியட்டும் என்று சொல்லிவருகிறேன். அது நீளமான பாடம்.

ஜூலை 19

புதிதாகச் சேர்ந்த தொழிற்கல்வி ஆசிரியர்களுக்குக் கோவையில் பயிற்சி. நர்சிங் எடுப்பவர்கள், வேளாண்மை எடுப்பவர்கள், நெசவு எடுப்பவர்கள் என்று ஒரு கூடம் நிறைய இருந்தோம். என்னைப் போலவே முழித்துக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் என்பது ஆறுதல்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். திரையில் ஒரு பிரஸ் மெஷினைக் காட்டினார். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு. "வேகமா வேலை நடக்கணும்னு ஒரு பொத்தானைக் கட்டி வச்சிருவாங்க. அப்ப ஒரு கை உள்ள போகும்" என்றார். அடுத்த படத்தைப் போட்டார். நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

கடைசி நாளில் அவர் சொன்னது: "நம்ம பிள்ளைங்கதான் எல்லாருக்கும் முன்னால கம்பெனிக்குள்ள போறவங்க. எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக்குடுக்கறது பாதி வேலை. எதைச் செய்ய மாட்டேன்னு சொல்லணுமோ அதையும் சொல்லிக்குடுங்க."

எழுதிக்கொண்டேன். அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7

லேத் ஓடிவிட்டது. நான் ஓட்டவில்லை. பிளஸ் டூ கோகிலவாணி, "மிஸ், நான் போடட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டாள். ஒல்லியான பெண். சடையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, போன வருட ஆசிரியர் காட்டியதை நினைவில் வைத்து இரும்புத் துண்டைச் சீவினாள். சுருள் சுருளாக வந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

நான் வாசற்படியில் நின்றேன். காற்று அங்கேதான் வருகிறது.

செப்டம்பர் 18

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பிளஸ் டூ பிள்ளைகள் கம்பெனிகளில் உள்ளுறைப் பயிற்சி முடிக்க வேண்டும். இடம் பிடிப்பது என் பொறுப்பு. ஆறு இடம் ஏறி இறங்கினேன். பையன்கள் என்றால் சரி, பெண் பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்.

வேளாண்மை எடுக்கும் மருதாசலம் சார்தான் வழி சொன்னார். "நம்ம ஆறுச்சாமியண்ணங்கிட்டக் கேளுங்க டீச்சர். மேலாண்மைக் குழுவுல இருக்காரு. மோட்டாருக்குத் தகடு அடிக்கற கம்பெனி. மாட்டேன்னு சொல்ல மாட்டாருங்க."

செப்டம்பர் 23

ஆறுச்சாமியின் கம்பெனிக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. காபி வரவழைத்தார். எல்லாரையும் எடுத்துக்கொள்கிறேன், பெண் பிள்ளைகளுக்குப் பேக்கிங்கும் அளவு பார்ப்பதும் கொடுக்கிறேன் என்றார். பேக்கிங் பகுதியைச் சுற்றிக் காட்டினார். மயிலாத்தா என்ற நடுவயதுப் பெண்மணி தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நம்ம புள்ளைங்கதானுங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து தொடர்ந்து சத்தம் வந்தது. தரை அதிர்ந்தது.

"அங்க பிரஸ்ஸு ஓடுதுங்க. நம்ம பிள்ளைங்களுக்கு அங்க சோலி இல்லீங்க டீச்சர்."

பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 6

பயிற்சி தொடங்கியது. எல்லாரும் சீருடையில் சரியாக வந்தார்கள். நிம்மதி.

அக்டோபர் 8

மாலையில் கோகிலவாணி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். விரல் நுனிகளில் எண்ணெய்க் கறுப்பு. உள்ளங்கையில் சின்னச் சின்னக் கீறல்கள்.

"என்ன வேலை குடுக்கறாங்க?"

"பேக்கிங்தாங்க மிஸ்." சொல்லும்போது சிரித்தாள். ஏதோ நல்ல செய்தியை மறைத்துவைத்திருப்பவள் மாதிரி.

தகடு அடுக்கினாலும் கீறும்தான்.

துணி துவைத்தேன். இரவு சாப்பிடவில்லை. மதியம் சாப்பிட்ட பூரி சரியில்லை.

அக்டோபர் 9

கம்பெனிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினேன். மழை வரும்போல இருந்தது. திரும்பிவிட்டேன். மழை வரவில்லை.

அக்டோபர் 10

அதே பயிற்சியில் இருக்கும் சஞ்சீவி என்ற பையனிடம் கேட்டேன். அவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

"வடக்கத்தி அண்ணனுங்க மூணு பேரு பண்டிகைக்கு ஊருக்குப் போயிட்டாங்க மிஸ். தீபாவளி ஆர்டராம். கோகிலா பிரஸ்ல உக்காந்திருக்கா. செமயா ஓட்டறா மிஸ். ஓனரே கைகுடுத்தாரு."

"ரெண்டு பொத்தானையும் அமுக்கித்தான ஓட்டுறா?"

"ஒண்ணைச் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிருக்காங்க மிஸ். இடது கையில அமுக்கணும், வலது கையில தகட்ட வச்சு எடுக்கணும். அப்பத்தான் ஸ்பீடு வரும்னு."

தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் நாலஞ்சு நாள்ல முடிஞ்சிருது. அப்புறம் தீபாவளி லீவு. அந்தக் கூரை போடறதுக்கு நான் எத்தனை பேர்கிட்டக் கெஞ்சினேன் தெரியுமா? உங்களுக்கு முன்னால இருந்தவரு ஏன் போனாருன்னு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"நான் போன்ல பேசறேன். நீங்க போக வேண்டாம்" என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைப் பாதிதான் சொன்னேன். "நாசரேத்ல இருந்து அங்க போயி ஊர்ப் பெரியாளுகிட்ட மோதணுமா, எப்சி? ஜெபம் பண்ணிட்டுப் படு" என்றாள்.

படுத்தேன். கண்ணை மூடினால் தரை அதிர்கிறது.

அக்டோபர் 13

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

முதல் பாடவேளையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். அலுவலகத்தில் யாரும் இல்லை. பேக்கிங்கில் மயிலாத்தா என்னைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார், குனிந்து தகடுகளை அடுக்க ஆரம்பித்தார். நான் தடுப்பைத் தாண்டி உள்ளே போனேன்.

கோகிலவாணி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஆளுயர இயந்திரம். பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கை தகட்டை எடுத்து அச்சுக்குள் போகும். வெளியே வரும். இடது கை பொத்தானைத் தட்டும். மேல் அச்சு இறங்கும். மறுபடி வலது கை உள்ளே. இடைவெளியே இல்லை. ஒரு முறை வலது கை வெளியே வந்ததா, அதற்குள் அச்சு இறங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. வந்துதான் இருந்தது. அடுத்த தகட்டை எடுத்தது.

"கோகிலா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. நான் கத்தியிருந்தால் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். வலது கை உள்ளே இருக்கும்போது இடது கை தன் பழக்கத்தில் பொத்தானைத் தட்டும்.

சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. இரண்டடி நகர்ந்து அதன் மேல் கையை வைத்தேன். அதை இறக்கினால் விளக்கும் அணையும், அந்தத் தகரக் கொட்டகை இருண்டுவிடும். மோட்டார் நின்றாலும் சக்கரம் உடனே நிற்காது. இருட்டில், சுற்றுகிற சக்கரம், உள்ளே கை. சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. சுவரை ஒட்டியே மெதுவாக நடந்து, இயந்திரத்தின் எதிர்ப்பக்கம் போய், அவள் கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன். அசையவில்லை. அவள் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை உள்ளே, கை வெளியே. நான் மூச்சுவிட்டால்கூட அவளுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பது இப்போதுதான் புரிகிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் வலது கையை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

அடுத்த தகட்டுக்காகத் திரும்பினாள். அப்போது பார்த்தாள். முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"மிஸ்! பாக்க வந்தீங்களா?"

"எந்திரி."

"இந்தக் கட்டு மட்டும் முடிச்சர்றனுங்க மிஸ்."

"எந்திரி கோகிலா."

எழுந்தாள். வெளியே வந்ததும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. "நான் நல்லாத்தான ஓட்டறேன்? அண்ணனுங்களை விட நான்தான் ஸ்பீடுன்னு ஓனர் எல்லார் முன்னாலயும் சொன்னாருங்க. டுவெல்த் முடிச்சதும் வேலை தர்றேன்னு சொல்லிருக்காரு. எங்க வீட்ல யாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லைங்க மிஸ்."

"கை போயிரும்டி."

"போகலையில்லங்க?" கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க ஒரு நாளாவது மெஷினைத் தொட்டிருக்கீங்களா மிஸ்? பயந்துட்டு வாசல்லயேதான நிப்பீங்க?"

எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆறுச்சாமியின் கார் உள்ளே நுழைந்தது. கண்ணாடியை இறக்கினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபமே படவில்லை.

"கூட்டிட்டுப் போங்க டீச்சர். உங்க பிள்ளைங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க தனியாத்தான இருக்கறீங்க, அந்த மாடி வூட்ல? தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதுங்களா?" என்றார்.

நான் அவரிடம் என் வீட்டைப் பற்றிச் சொன்னதே இல்லை.

அக்டோபர் 14

தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு பூட்டும் போட்டேன்.

அக்டோபர் 15

கோகிலவாணியின் அப்பா பள்ளிக்கு வந்தார். தறி ஓட்டுகிறவர். "ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு வேலை தர்றன்னவரைப் பகைச்சு வுட்டுட்டீங்களே! நாளைக்கு நீங்களா அவளுக்கு வேலை தருவீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் பக்கத்தில் கோகிலவாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளைத் திரும்ப அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியைக்கு மேலாண்மைக் குழுவிலிருந்து நெருக்கடி. மாட்டேன் என்றேன். குரல் அவ்வளவு சின்னதாக வந்ததால் அவர், "என்ன?" என்று இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். மீதி நாட்களைப் பள்ளிப் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருதாசலம் சார் மரத்தடியில் பிடித்துக்கொண்டார். "நம்ம புள்ளைங்கள மீட்டாச்சுல்லங்க டீச்சர்? இதோட வுட்டுருங்க. மேல எங்கியும் எழுதிப் போட்டுராதீங்க." அவருடைய கண்ணிலும் பயம் இருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள்.

விட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். அதுதானே என் வேலை.

அக்டோபர் 17

வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. போய்விட்டது. அடுத்த வீட்டுக்கு வந்தவர்களாக இருக்கும்.

அக்டோபர் 27

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மா வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்றாள். யோசிக்கிறேன் என்றேன்.

பள்ளி திறந்ததும் முதல் ஆளாகச் சஞ்சீவி வந்தான். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"பேக்கிங் மயிலாத்தாக்காவுக்குக் கை போயிருச்சு மிஸ். அந்த மெஷின்லதான். தீபாவளிக்கு முந்தின நாளு."

நான் உட்கார்ந்தேன். அவன் சொன்னது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. கோகிலவாணி எழுந்து வந்த நாற்காலியை அன்று மதியமே மயிலாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்டர் முடிய வேண்டுமே.

மதியம் வகுப்பில் என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 28

அரசு மருத்துவமனைக்குப் போனேன். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். வலது கையில் கட்டு, முழங்கை வரை. மூன்று விரல்கள் இல்லை என்று நர்ஸ் சொன்னார். நான் வாங்கிப் போயிருந்த ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மயிலாத்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க அன்னைக்குத் தடுப்பைத் தாண்டிப் போனப்பவே எனக்குத் தெரியுமுங்க. அந்தப் புள்ளையத்தான் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னு. நானே ரெண்டு நாளாச் சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தனுங்க. சொன்னா என்னைய வேலைய வுட்டு நிறுத்திப்புடுவாங்கன்னு சொல்லலீங்க."

"கம்பெனிக்காரங்க வந்து பார்த்தாங்களா?"

"வந்தாங்க. வூட்ல கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு டாக்டருகிட்டச் சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டனுங்க." பிறகு மெல்லக் கேட்டார்: "அந்த நாற்காலிய யாருக்குக் குடுத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா டீச்சர்?"

தெரியாது என்றேன். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிள்ளைகளை எண்ணி ஆட்டோவில் ஏற்றினேனே தவிர, அந்தப் பொத்தானில் கட்டியிருந்த டியூபைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பயமில்லாமல் இருந்திருந்தால் அன்று மாலையே போய்ப் புகார் சொல்லியிருப்பேன். பயம்தான் காரணம். பேருந்தும் இல்லை, மழையும் இல்லை.

அக்டோபர் 30

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் கோவையில் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். விசாரித்த விஷயமே ஆறுச்சாமிக்குப் போய்விடுமோ என்று நாள் முழுக்கப் பயந்தேன்.

மாலை பட்டறையைப் பூட்டப் போனபோது கோகிலவாணி நின்றிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

"அக்காவைப் பாக்கப் போனீங்களாமா?"

"போனேன்."

"எனக்கு அவங்கதான் தினமும் மத்தியானம் சோத்துல பங்கு வைப்பாங்க." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "கிரைண்டர்ல அடிபட்டதுன்னு சொல்றாங்களே மிஸ். பொய். நீங்க எங்கியோ சொல்லப் போறீங்கன்னு சஞ்சீவி சொன்னான். நீங்க அதை ஓட்டலை. நான் ஓட்டிருக்கேன். எப்படிக் கட்டிருந்தாங்கன்னு நான் சொல்றேன்."

வேண்டாம் என்றேன். உன் அப்பா, உன் வேலை, உன் பரீட்சை என்று அடுக்கினேன்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டேன். திட்டினாரு. அப்புறம் அக்காவைப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. நம்மளோட அவரும் வர்றாராம்."

இப்போது எனக்கு என்னைப் பற்றிய பயம் குறைந்து, இவளைப் பற்றிய பயம் வந்துவிட்டது. இது முந்தையதை விட மோசம்.

நவம்பர் 3

விடுப்பு கேட்கப் போனேன். துளசிமணி மேடம் கடிதத்தைப் படித்தார். "பணி நிமித்தம்னு எழுதிக் குடுங்க. லீவு எதுக்கு வீணா?" என்றார். "எங்க போறீங்கன்னு நான் கேக்கலை. அடுத்த வருஷம் குழுகிட்டப் பேசி உங்களை வேலையில வச்சுக்க என்னால முடியாது. அதை இப்பவே சொல்லிர்றேன்." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "புள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நவம்பர் 4

மூவரும் கோவைப் பேருந்தில் ஏறினோம். கோகிலவாணியின் அப்பா வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டார். பின்னால் ஒரு வெள்ளைக் கார் வெகுதூரம் வந்தது. அது யாருடையதோ. கடைசிவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். இடையில் நிறுத்தி, "பொத்தானைக் கட்டியிருந்ததை நீங்க பக்கத்துல போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம் நின்றேன், கைகளைத்தான் பார்த்தேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டார்.

"நான் பாத்தேன் மேடம்" என்றாள் கோகிலவாணி. "நான் காட்டட்டுங்களா?"

நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். "இங்க அச்சு. இங்க ஒரு பொத்தான், அதுல சைக்கிள் டியூபைச் சுத்திக் கட்டிருப்பாங்க. இது இன்னொண்ணு." இடது கையை மேஜையின் ஓரத்தில் வைத்தாள். வலது கையால் இல்லாத தகட்டை எடுத்து, இல்லாத அச்சுக்குள் வைத்து, எடுத்தாள். இடது கை தட்டியது. மறுபடி. மறுபடி. பழகிய கைகள். வேகம் தானாக ஏறியது. அவள் முகத்தில் அந்தப் பழைய பெருமை லேசாகத் தெரிந்தது. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்ன வேலை செய்தாள் என்று அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"அக்காவுக்கு எப்படி ஆயிருக்கும்னா..." என்று சொல்லிக்கொண்டே வலது கையை உள்ளே நீட்டினாள். இடது கை தட்டிவிட்டது.

வலது கை அங்கேயே இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். மேஜை மேல் விரிந்து கிடந்த தன் கையை, யாருடையதோ என்பது போலப் பார்த்தாள். எடுக்க முயன்றாள், முடியவில்லை. "மிஸ்" என்றாள்.

நான் எழுந்து போய் அந்தக் கையை மேஜையிலிருந்து எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது. அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் பேனாவைத் திரும்ப எடுக்கவில்லை. மணியடித்து டிரைவரைக் கூப்பிட்டு, "வண்டியை எடுப்பா, இப்பவே போகணும்" என்றார்.